ஊர்ப்பேச்சும் இல்லறமும்

மனிதன் உடுக்கும் உடையை மாற்றுகிறான். உறையும் ஊரை மாற்றுகிறான். செய்யும் தொழிலையும் மாற்றிக்கொள்கிறான். ஆயின், மழலைப் பருவத்தில் தாயின் வாய் பார்த்துக் கற்ற பேச்சொலியை மட்டும் அவன் முற்றிலும் மாற்றிவிடுவதில்லை. அஃது உள்ளே அடங்கிக் கிடக்கும். வேளை வரும்போது வெளிப்படும். கீழக்கரையிலும் தொண்டியிலும் பெரியபட்டினத்திலும் இராமேசுவரத்திலும் பிறந்து, மதுரையிலோ சென்னையிலோ கற்றுப் பணியாற்றும் நம் பிள்ளைகளிடம் இதனைக் கண்கூடாகக் காணலாம். அலுவலகத்தில் திருத்தமாக உரையாடுபவர், ஊரிலிருந்து உம்மா கைபேசியில் அழைத்ததும் வேறொருவராகிறார். சொல் மாறுகிறது, ஓசை மாறுகிறது, பேச்சின் விரைவும் மாறுகிறது. அருகிலிருக்கும் வாழ்க்கைத் துணை வேற்றூரைச் சேர்ந்தவராயின், அவருக்கு அது வியப்பளிக்கிறது; பல வீடுகளில் நகைப்புக்கும் இடமாகிவிடுகிறது. அந்த நகைப்பைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திரும்பி வருவது எது?

நம் கடற்கரை முஸ்லிம்களின் பேச்சில் தந்தை வாப்பா, தாய் உம்மா, தமையன் காக்கா. குழம்பை ஆணம் என்பர். காலையுணவு உண்பதைப் பசியாறுதல் என்பர். வந்தவரைப் பார்த்துப் 'பசியாறிட்டீங்களா?' என்று வினவுவதில் உள்ள கனிவு, 'சாப்பிட்டாச்சா?' என்பதில் இல்லை. சங்கெடுக்கக் கடலில் மூழ்குவது 'குளித்தல்' ஆகும். 'குளிக்கப் போயிருக்கிறார்' என்றால் சங்கு குளிக்கும் குடும்பத்தார்க்கு அது தொழிலைக் குறிக்கும். நகரத்தார்க்கு நீராடலைக் குறிக்கும். கடலோடிகள் காற்றுக்குத் திசைதோறும் ஒரு பெயர் வைத்துள்ளனர். வடக்கிலிருந்து வீசுவது வாடை; கிழக்கிலிருந்து கொண்டல்; மேற்கிலிருந்து கச்சான்; தெற்கிலிருந்து சோழகம். இச்சொற்களை இழந்தவன் கடலைப் பற்றிய அறிவில் ஒரு பகுதியையும் சேர்த்தே இழக்கிறான்.

ஒலியிலும் வேறுபாடு உண்டு. தென்மாவட்டப் பேச்சில் ழகரம் ளகரமாக ஒலிக்கும். 'மழை' என்பது 'மள' ஆகும். சென்னைப் பேச்சிலோ அதே ழகரம் யகரமாவதுண்டு. 'பழம்' என்பது 'பயம்' ஆகும். இரண்டும் திரிபே. தன் திரிபை மறந்து பிறர் திரிபைக் கண்டு நகைப்பது, தன் முதுகின் அழுக்கை அறியாதவன் செயல் அன்றோ?

பழைய பேச்சு ஏன் திரும்புகிறது? கேட்பவர்க்கு ஏற்பப் பேசுபவர் தம் மொழியை இசைவித்துக்கொள்கிறார் என்றும், நெருக்கத்தை நாடும் உள்ளம் அதனை இயல்பாகவே செய்கிறது என்றும் 1970களில் ஹோவர்டு ஜைல்ஸ் என்னும் அறிஞர் விளக்கினார். அவருக்கு முன்பே, 1963இல், அமெரிக்க மொழியியலார் வில்லியம் லபோவ் மார்த்தாஸ் வினியார்டு என்னும் தீவின் பேச்சை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். கோடை விருந்தினர் வந்து குவியும் அத்தீவில், தீவிலேயே வாழ விரும்பியவர்களிடம், சிறப்பாக மீனவர்களிடம், சில உயிரொலிகளின் உள்ளூர் உச்சரிப்பு ஓங்கி நின்றதை அவர் கண்டார். 'நான் இம்மண்ணைச் சேர்ந்தவன்' என்பதை நா தானே அறிவித்தது. பாம்பன் பாலத்தைக் கடந்து பிறந்த தீவுக்குள் நுழையும் நம் பிள்ளையின் நாவும் அதையே செய்கிறது. அதனை நடிப்பென்றோ கல்லாமை என்றோ கருதுவது பிழை.

ஊர்ச்சொல் இழுக்கன்று

தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலங்களின் வழக்குகளுக்கும் அவர் இடமளித்தார். நம் மொழியின் முதற்பெரும் இலக்கண ஆசிரியரே விலக்காத ஒன்றை நாம் விலக்க முற்படுவது எவ்வாறு பொருந்தும்?

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை நோக்குவோம். ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட விருத்தங்களால் அமைந்த அக்காப்பியத்தின் மூன்று காண்டங்கள் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என அரபுப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. தம் சமுதாயத்தின் வாயில் வழங்கிய சொற்களைக் காப்பிய மேடையில் ஏற்ற அப்புலவர் நாணவில்லை. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பெயர் அப்புலவரோடு சேர்த்துப் பேசப்படுவதை இம்மண் மறக்கவில்லை. அதே கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள், தமிழை அரபு எழுத்தில் வரையும் அரபுத்தமிழில் நூல்கள் யாத்தார்கள். பள்ளிக்கூடம் செல்லாத பெண்டிரும் மார்க்க அறிவு பெற அவ்வெழுத்து உதவிற்று. இத்தகைய மரபுடைய பேச்சைக் 'கொச்சை' என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட இயலாது.

இராமேசுவரத்தில் 1931இல் பிறந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் 2002இல் குடியரசுத் தலைவரானார்கள். அவர்களுடைய ஆங்கிலத்திலும் தமிழின் ஓசை கேட்டது. நாடு அதனைக் குறையாகக் கொள்ளவில்லை.

துணையின் நகைப்பு

வெளியார் நகைத்தால் வீட்டுக்கு வந்து மனம் ஆறலாம். வீட்டிலேயே நகைத்தால் எங்குச் செல்வது? இதனால்தான் துணையின் நகைப்பு மற்றெவர் நகைப்பினும் ஆழமாகத் தைக்கிறது. ஒருமுறை வேடிக்கையாகச் சிரித்தால் இருவரும் சிரித்து மகிழலாம். விருந்தினர் முன் பேசிக்காட்டிச் சிரிக்கும்போதும், ஒவ்வொரு சொல்லையும் இடைமறித்துத் திருத்தும்போதும் அது வேடிக்கையாக நிற்பதில்லை. உம்மாவிடம் பேச அடுத்த அறைக்குச் செல்லும் கணவனும், உடன்பிறந்தாளிடம் குரலைத் தாழ்த்திப் பேசும் மனைவியும் இதன் விளைவே.

இதில் பெண்ணின் சுமையே பெரிது. கீழக்கரையில் மணமகன் பெண் வீட்டில் வந்து தங்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. அவ்வழக்கத்தின் நிறை குறைகள் எவையாயினும், அதில் ஒரு காப்பு இருந்தது. பெண் தன் பேச்சை மாற்ற வேண்டியதில்லை; பிள்ளைகளும் உம்மாவைப் பெற்ற பாட்டியின் மொழியிலேயே வளர்ந்தனர். குடும்பம் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ பெயரும்போது அக்காப்பு அகன்றுவிடுகிறது. நகைப்பைக் கேட்டு வளரும் பிள்ளை, பாட்டியின் பேச்சை ஒரு வேடிக்கை என்றே எண்ணுகிறது. விடுமுறைக்கு ஊர் வந்தால் பாட்டி கூறுவது விளங்காமல் தாயின் முகத்தைப் பார்க்கிறது. பாட்டியும் நாளடைவில் பேச்சைச் சுருக்கிக்கொள்கிறார். உண்மையான இழப்பு இங்கேதான் நிகழ்கிறது.

ஆயினும் மறுபக்கத்தையும் நடுநிலையோடு நோக்க வேண்டும். துணையின் முகம் மாறுவதெல்லாம் ஏளனத்தால் அன்று. பல்லாண்டு உடன் வாழ்ந்தவர் நொடியில் வேறு மனிதராவதைக் காணும்போது, 'இவரில் நான் அறியாத ஒரு பகுதி உண்டு' என்ற தனிமை உணர்வு எழலாம். சுற்றத்தார் கூடி விரைந்து பேசிச் சிரிக்கையில் பொருள் விளங்காமல் அமர்ந்திருப்பது எளிதன்று. எனவே பேசுபவர்க்கும் ஒரு கடமை உண்டு. சொல்லின் பொருளைச் சொல்லித் துணையையும் அவையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊர்ப்பேச்சு துணையைத் தள்ளி நிறுத்தும் வேலியாகிவிடலாகாது.

மார்க்கம் காட்டும் பண்பு

மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருக்குர்ஆனின் 30ஆம் அத்தியாயம் உணர்த்துகிறது. ஒருவர் மற்றவரை ஏளனம் செய்வதை 49ஆம் அத்தியாயம் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே சுட்டித் தடுக்கிறது. ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) அவர்கள் ஃபுர்கான் அத்தியாயத்தைத் தாம் கற்றதற்கு மாறான முறையில் ஓதக் கேட்ட உமர் (ரலி) அவர்கள், அவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அழைத்துச் சென்ற நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் உள்ளது. இருவரையும் ஓதச் செய்து கேட்ட அண்ணலார், இரண்டு ஓதல்களும் சரியே என ஏற்றார்கள். இறைமறை ஓதுவதிலேயே இத்தகைய இடங்கொடுத்தல் உண்டெனில், 'ஆணம்' என்பதா 'குழம்பு' என்பதா என இல்லத்தில் பிணங்குவது தகுமோ?

தமிழாசிரியர் ஊர்ப்பேச்சுக்குப் பரிந்துரைக்கலாமா எனச் சிலர் வினவலாம். வகுப்பறையில் ழகரம் பிழையின்றி ஒலிக்க வேண்டும். தேர்வுத்தாளில் பொதுத்தமிழே வேண்டும். அதில் விட்டுக்கொடுத்தால் நம் மாணவர் நேர்காணல்களில் பின்தங்குவர். ஆயின் உணவு வேளை தேர்வுக்கூடம் அன்று. மனைவி மாணவியும் அல்லர். கணவர் மாணவரும் அல்லர். இடமறிந்து இரண்டையும் ஆள்பவரே மொழியை ஆளத் தெரிந்தவர். ஒன்றைக் கற்க மற்றொன்றை மறக்க வேண்டுமென்ற விதி எதுவுமில்லை.

மாணவச் செல்வங்கள் இவ்விடுமுறையில் ஒரு பணி செய்யலாம். காற்று, மீன், படகு, உணவு, உறவு பற்றிய சொற்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஐம்பதேனும் எழுதி வாருங்கள். தமிழ்த்துறை அவற்றைத் தொகுத்து வைக்கட்டும். மணமானவர்க்கும் ஒரு வேண்டுகோள்: துணையின் வாயில் புதிய சொல்லொன்று தவறி விழுந்தால், சிரிக்கும் முன் அதன் பொருளைக் கேளுங்கள். அப்பொருளோடு துணையின் இளமைக்காலத்தில் ஒரு பகுதியும் உங்களுக்குக் கிடைக்கும். பொறுமையும் கனிவும் நிறைந்த இல்லங்களை எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!