நம் பேரேட்டுக்கு நாமே வாடகை கட்டுவதா?

கணக்குப் புத்தகம் யாருக்குச் சொந்தம்? எழுதியவனுக்கா, வெற்றுப் புத்தகத்தை விற்ற கடைக்காரனுக்கா? சிறு பிள்ளைகூடப் பதில் சொல்லிவிடும். ஆனால் இன்று நம் புதுச்சேரியில் வருமான வரிக்கும் ஜி.எஸ்.டி.க்கும் ரிட்டன் போட்டுக் கொடுத்துப் பிழைக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். "சந்தா கட்டியிருக்கும் வரை எங்களுடையது, கட்டாவிட்டால் கம்பெனியுடையது ஐயா" என்பார்கள். இது அநியாயம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலத்தில், புதிய ரொக்கப் புத்தகம் எடுத்தால் முதல் பக்கத்தில் "இதில் இத்தனை பக்கங்கள் உள்ளன" என்று எழுதி அதிகாரி கையொப்பமிடுவார். புத்தகம் நிரம்பியதும் பதிவறைக்குப் போகும். பல வருடம் கழித்துத் தணிக்கைக்காரர் கேட்டாலும் தூசி தட்டி எடுத்துக் கொடுப்போம். புத்தகம் தைத்துக் கொடுத்தவர் வந்து, "இந்த வருடத்துப் பணம் கட்டினால்தான் பிரித்துப் பார்க்கலாம்" என்று சொன்னதே கிடையாது.

கணினி வந்த புதிதிலும் இந்த நியாயம் இருந்தது. மென்பொருளை ஒரு தடவை விலை கொடுத்து வாங்கினால் அது நம்முடையது. இப்போது பல கம்பெனிகளில் விற்பனை என்பதே இல்லை, ஆண்டுச் சந்தாதான். அதுவும் வருடா வருடம் ஏறுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சந்தா 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 2,160 ரூபாய். ஆக 14,160. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவர் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. பதிவில்லாதவருக்கு அந்த 2,160 திரும்பி வராது. ஒரு ரிட்டனுக்கு 500 ரூபாய் வாங்குகிறவர் என்றால், முதல் 28 பேர் கொடுக்கும் கூலி முழுவதும் சந்தாவுக்கே போய், 29-ஆவது ஆளிடமும் கொஞ்சம் எடுக்க வேண்டும். மறு வருடம் சந்தா 15 சதவீதம் ஏறினால் 33 பேர் வேண்டும். வாடகை, மின்சாரம், உதவியாள் சம்பளம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

"பிடிக்காவிட்டால் வேறு மென்பொருளுக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். அங்கேதான் பொறி இருக்கிறது. பழைய கணக்கை எக்செல் கோப்பாக எடுத்துப் புதியதில் ஏற்ற வேண்டும். இம்போர்ட் என்கிறார்கள். ஏற்றினால் என்ன ஆகிறது? 05/04 என்பது நமக்கு ஏப்ரல் 5. அமெரிக்க வழக்கப்படி படிக்கும் கணினிக்கு மே 4. ஏப்ரல் மாத விற்பனை மே மாத ரிட்டனுக்குப் போய்விடும். 12-ஆம் தேதி வரை இப்படி. 13-ஆம் தேதி முதல் அதைத் தேதி என்றே ஏற்காது. பில் எண் 007 என்றிருந்தால் 7 ஆகிவிடும். பில் எண் 3-24 என்றிருந்தால் மார்ச் மாதத் தேதியாகிவிடும். காப்பியின் எச்.எஸ்.என். குறியீடு 0901, ஏற்றியபின் 901. பிறகு விற்றவர் காட்டிய பில்லோடு நம் பில் பொருந்தவில்லை என்று உள்ளீட்டு வரி வரவுக்குச் சிக்கல்.

நம் ஊருக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. நமது ஜி.எஸ்.டி. எண் 34 என்று தொடங்கும். கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடலூர்க் கடைக்காரருக்கு 33. அங்கிருந்து சரக்கு வந்தால் வெளிமாநிலக் கொள்முதல், ஐ.ஜி.எஸ்.டி. கட்டணம். இம்போர்ட்டில் அந்த மாநிலக் கட்டம் விடுபட்டுப்போனால் எல்லாம் உள்ளூர்க் கொள்முதலாக விழுந்துவிடும். ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். முந்நூறு கட்சிக்காரர் கணக்கை வைத்திருக்கும் பிள்ளை இதை எத்தனை இரவு விழித்துச் செய்வான்? சலித்துப்போய்ப் பழைய கம்பெனிக்கே கூடுதல் சந்தாவைக் கட்டிவிடுவான். கம்பெனிக்கும் அது தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர், ஆண்டு ரிட்டனுக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு 8 வருடம். வைத்திருக்க வேண்டும் என்று அரசு கட்டளையிடுகிறது. வைத்திருப்பதற்குத் தனியார் ஒருவர் வாடகை வாங்குகிறார். ஐந்து வருடம் முந்திய கணக்கைக் கேட்டு நோட்டீஸ் வந்தால், அந்த வாடகையை விடாமல் கட்டியவருக்குத்தான் பதில் சொல்ல வழி.

கம்பெனிகள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வருடா வருடம் வரிச் சட்டம் மாறுகிறது, படிவம் மாறுகிறது. மென்பொருளையும் மாற்றி எழுத ஆட்கள் வேண்டும், சம்பளம் வேண்டும். புதிய வருடத்து வசதிக்குக் காசு கேளுங்கள், தரலாம். முடிந்துபோன வருடத்துப் பேரேட்டைப் பார்க்க ஏன் காசு? அரசின் இணையதளத்திலேயே இலவசமாக ரிட்டன் போடலாமே என்பார்கள். ஒருவர் தம் கணக்கைப் போட்டுக்கொள்ள அது போதும். முந்நூறு பேருக்குத் தட்டிக் கொண்டிருக்க முடியாது.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பேரேட்டின் இடப்பக்கம் "துவா", வலப்பக்கம் "அவுவார்" என்றுதான் எங்கள் மிஸ்ஸியே சொல்லிக் கொடுத்தார். அந்தப் பிரான்சில் 1947 முதலே பொதுக் கணக்குத் திட்டம் ஒன்று உண்டு. இன்று அங்கே எந்தக் கடையின் கணக்கைத் திறந்தாலும் 512 என்றால் வங்கி, 401 என்றால் நமக்கு விற்றவர், 411 என்றால் நம்மிடம் வாங்கியவர். 2014 முதல் இன்னொரு விதி: கணினியில் கணக்கு வைப்பவர், வரி அதிகாரி சோதனைக்கு வந்தால், எல்லாப் பதிவுகளையும் 18 கட்டங்கள் கொண்ட ஒரே அமைப்பிலான கோப்பாகக் கொடுக்க வேண்டும். சுருக்கமாக ஃபெக் என்கிறார்கள். அது வரித்துறையின் வசதிக்காக வந்ததுதான். ஆனால் எல்லா மென்பொருளும் அந்தக் கோப்பைத் தந்தாக வேண்டியிருப்பதால், கணக்கர்கள் அதையே வேறொரு மென்பொருளில் ஏற்றிக்கொள்கிறார்கள். அங்கும் சந்தா உண்டு, ஏற்றமும் உண்டு. ஆனால் வெளியே போகக் கதவு திறந்திருக்கிறது.

நம் நாட்டுக்கு இது முடியாத காரியமா? 2011 ஜனவரியில் செல்போன் எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் உரிமை நாடு முழுவதும் வந்தது. பத்து இலக்க எண்ணுக்குத் தந்த உரிமையைப் பத்து வருடக் கணக்குக்குத் தரக் கூடாதா?

ஆகவே நான் கேட்பது மூன்று. ஒன்று, எல்லாக் கணக்கு மென்பொருளும் ஒரே பொது அமைப்பில் கணக்கை வெளியே தர வேண்டும், உள்ளேயும் ஏற்க வேண்டும். இரண்டு, சட்டம் சொல்லும் காலம் வரை பழைய கணக்கைப் பார்க்கவும் அச்சிடவும் சந்தா கேட்கக் கூடாது. மூன்று, சந்தா மூன்று வருடத்தில் எவ்வளவு ஏறும் என்பதை வாங்கும்போதே எழுத்தில் சொல்ல வேண்டும்.

ஓய்வூதியக்காரர்களான நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். 75 வயதைத் தாண்டி, ஓய்வூதியமும் அதே வங்கியின் வட்டியும் மட்டுமே வருமானமாக உள்ளவர்களுக்கு ரிட்டனிலிருந்து விலக்களித்து 2021-இல் ஒரு சலுகை வந்தது உண்மைதான். வீட்டு வாடகை வருகிறவர்களும், இன்னொரு வங்கியில் டெபாசிட் போட்டவர்களும் அதற்குள் வரமாட்டார்கள். அவர்கள் ரிட்டன் போடப் போகும் இடத்தில் கூலி ஏறினால், சந்தா ஏறியதும் அதற்கு ஒரு காரணம். அந்தப் பிள்ளையிடம் கோபிக்காதீர்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஒவ்வொரு வருடமும் ரிட்டன் போட்டு முடிந்ததும் ரிட்டனின் நகல், ஒப்புகைச் சீட்டு, கணக்கீட்டுத் தாள் மூன்றையும் காகிதத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். கடை வைத்திருக்கும் பிள்ளைகளிடம் பேரேட்டையும் இருப்பாய்வையும் வருடந்தோறும் அச்சிட்டுத் தைத்து வைக்கச் சொல்லுங்கள். காகித அலமாரிக்குச் சந்தா கிடையாது. சாவியும் நம்மிடமே இருக்கும்.