பூண்டும் இருதயமும்

பூண்டு இருதயத்தைக் காக்கும் என்று இன்று வீட்டுக்கு வீடு சொல்லப்படுகின்றது. ஆசாரத்துக்கு ஆகாதென்று ஒரு கூட்டத்தார் அடுக்களையை விட்டுத் தள்ளிவைத்த அதே பூண்டுதான் இது. அன்று தள்ளியதற்கும் ஆராய்ச்சியில்லை. இன்று தலையில் தூக்கி வைப்பதற்காவது ஆதாரமுண்டா?

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் 192 பேரை ஆறு மாதம் பரீட்சித்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். பச்சைப் பூண்டு தின்றவர்களுக்கும், பூண்டு மாத்திரை தின்றவர்களுக்கும் கெட்ட கொலஸ்ட்ரால் குறையவில்லை. 2022-ல் கிளீவ்லாந்து வைத்தியர்கள் 190 பேரைப் பல பிரிவாக்கி, பூண்டு, மஞ்சள், லவங்கப்பட்டை முதலிய மாத்திரைகளையும் ரோசுவாஸ்டாட்டின் என்னும் மருந்தையும் 28 நாள் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து அக்கொலஸ்ட்ராலைச் சுமார் 38 சதவிகிதம் குறைத்தது. மற்றவை வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை.

“இது மருந்துக் கம்பெனி பணத்தில் நடந்ததல்லவா?” என்று கேட்பீர்கள். ஆம், கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அமெரிக்க சர்க்கார் பணத்தில் நடந்த 2007 பரீட்சையும் பூண்டைப் பற்றி அதையே சொல்லிற்றே!

இரத்தக் கொதிப்புள்ளவர்களுக்குப் பூண்டினால் அது சிறிது தணிவதாகச் சில பரீட்சைகள் காட்டுகின்றன. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அது வைத்தியர் கொடுத்த மாத்திரைக்கு ஈடாகாது. இரத்தம் உறையாதிருக்க மருந்துண்பவர்களோ, பூண்டு மாத்திரை தொடுமுன் வைத்தியரைக் கேட்பது அவசியமாகும்.

ஆகவே, ரசத்தில் பூண்டைத் தாராளமாய்ப் போடுங்கள், ருசிக்காகப் போடுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூண்டை நம்பினால், நஷ்டம் பூண்டுக்கல்ல, உங்கள் பெண்டு பிள்ளைகளுக்கேயாகும்.