கப்பலுக்கு முந்தின ராத்திரி எங்கே தூங்கப் போகிறீர்கள்?

"டாக்டர், கப்பல்ல போறோம். வாந்தி வராம இருக்க ஏதாவது குடுங்களேன்!"

ஆரணியில் இருக்கும் என் வைத்தியசாலையில் இப்போதெல்லாம் அவ்வப்போது கேட்கிற கோரிக்கை இது. திருப்பதி, காசி என்று போய்க்கொண்டிருந்த நம் ஊர்க்காரர்களுக்கு இப்போது கடல் மேலும் ஆசை வந்துவிட்டது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரஸ்' என்ற சுற்றுலாக் கப்பல் புறப்பட ஆரம்பித்தது. அடுத்த வருஷம், 2023 ஜூனில், அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்கும் போனது. அதிலிருந்து பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள், அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கப்பல் டிக்கெட்டைப் பரிசாகக் கொடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான். வயசான காலத்தில் நாலு இடம் பார்த்தால் மனசுக்கும் தெம்பு, உடம்புக்கும் தெம்பு.

ஆனால், மருந்து கேட்டு வருகிறவர்களிடம் நான் இப்போது முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன். "கப்பல் ஏறுவதற்கு முந்தின ராத்திரி எங்கே தூங்கப் போறீங்க?"

இந்தக் கேள்வியை ஒரு தடவை நான் கேட்காமல் விட்டேன். அதன் கதையைச் சொல்கிறேன்.

கேட்காமல் விட்ட கேள்வி

அவர் பட்டு நெசவாளர். வயது அறுபதைத் தாண்டியவர். நாற்பது வருஷம் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்ததில் முழங்கால் வலி, இடுப்பு வலி. சர்க்கரை வியாதியும் உண்டு. அதற்கு ஆங்கில மருத்துவரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். வலிக்கு என்னிடம் தைலமும் சூரணமும். மகன் கப்பல் டிக்கெட் எடுத்த சந்தோஷத்தில் மனைவியோடு வந்தார். நானும் கடல் குமட்டலுக்கு என்ன செய்யலாம், கப்பலில் என்ன சாப்பிடலாம் என்று அரை மணி நேரம் சொல்லி அனுப்பினேன்.

நடந்தது என்ன? கப்பல் மாலையில்தானே என்று முதல் நாள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை சொந்தக்காரர்கள் வீட்டில் வந்து பேசிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு வேன். "ரூம் போட்டா வாடகை தெண்டம். நேரா துறைமுகத்துக்கே போயிடலாம்" என்பது திட்டம். வழியில் ஒன்றுக்குப் போக வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அவர் தண்ணீரே குடிக்கவில்லை. பழக்கப்படி காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். டிபன் "போய் சாப்பிட்டுக்கலாம்" என்று தள்ளிப்போனது. சென்னை நெரிசலைத் தாண்டி, சீக்கிரம் வந்தவர்கள் உட்கார இடம் தேடி அலைந்து, வரிசையில் நின்றபோது வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. ஆள் சரிந்துவிட்டார். சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது!

ஆஸ்பத்திரியில் சேர்த்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கப்பல் போய்விட்டது. அந்த அம்மா பிறகு என்னிடம் சொன்னார்: "கப்பல் போனா போகுது டாக்டர், இவரு கெடைச்சாரே!" அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் குறை என்னுடையது. கடலில் என்ன ஆகும் என்று யோசித்த நான், கரையில் கழியப் போகிற ராத்திரியைப் பற்றிக் கேட்கவில்லை.

இது ஆடம்பரம் அல்ல

கப்பலுக்கு முன்னால் கரையில் தங்குவது புதுப் பழக்கம் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் தொழிலாளர்களை, வெள்ளைக்காரன் காலத்தில் மண்டபம் முகாமில் நிறுத்திவைத்து, காலராவும் அம்மையும் இருக்கிறதா என்று பரிசோதித்த பிறகுதான் தனுஷ்கோடி வழியாக அனுப்பினார்கள். அது கட்டாயம். அந்த ஏழைகள் பட்ட பாடு தனிக் கதை. பிறகு 'ரஜுலா', 'சிதம்பரம்' என்று சிங்கப்பூருக்குக் கப்பல் போன நாட்களிலும், வெளியூர்க்காரர்கள் ஓரிரு நாள் முன்னதாகவே சென்னைக்கோ நாகப்பட்டினத்துக்கோ வந்து தங்கித்தான் ஏறினார்கள். பஸ்ஸும் காரும் வேகமானதும் அந்த வழக்கத்தை நாம் விட்டுவிட்டோம்.

கடல் குமட்டல் எதனால் வருகிறது? காதுக்குள் இருக்கும் சமநிலைக் கருவி "ஆடுகிறோம்" என்கிறது. அறைக்குள் இருக்கும் கண்ணோ "எல்லாம் அசையாமல்தான் இருக்கிறது" என்கிறது. இந்தக் குழப்பம்தான் தலைசுற்றல், குமட்டல், வாந்தி. தூக்கம் கெட்டவனையும், வயிறு கெட்டவனையும் அது இன்னும் மோசமாக வாட்டும். சித்த மருத்துவம் பேசுகிற மொழியில் சொன்னால், கண்விழித்தால் பித்தமும் வாதமும் ஏறும். ஏறின பித்தத்தோடு கப்பலில் ஏறினால் வாந்தி எடுக்காமல் என்ன செய்வது? ஆக, கப்பலுக்கு மருந்து முந்தின ராத்திரித் தூக்கம்தான்!

எந்தப் பகுதியில் தங்குவது?

துறைமுகம் இருப்பது ராஜாஜி சாலையில். அதையொட்டிய பாரிமுனை, மண்ணடி பக்கம் தங்கினால் காலையில் அவசரம் இல்லை. ஆனால் பகலெல்லாம் வியாபாரக் கூச்சல், லாரிச் சத்தம். லிஃப்ட் இல்லாத பழைய லாட்ஜ்களும் உண்டு. தெருப் பக்கம் இல்லாத அறையாகக் கேளுங்கள்.

எழும்பூர், பெரியமேடு, சென்ட்ரல் பக்கம்தான் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு என் சிபாரிசு. ரயிலடி பக்கமாதலால் எல்லா வாடகையிலும் அறை இருக்கும். இட்லி, ரசம் சாதம் கிடைக்கிற சைவ ஓட்டல்கள் நடக்கிற தூரத்தில். துறைமுகத்துக்கு ஆட்டோவில் சீக்கிரம் போய்விடலாம். கோயம்பேட்டில் இறங்குகிறவர்களுக்கு எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் மெட்ரோ ரயில் இருக்கிறது. படி ஏறி இறங்குகிற கஷ்டம் இல்லை, லிஃப்ட் உண்டு. விமானத்தில் வந்து சேரும் பிள்ளைகளும் மீனம்பாக்கத்திலிருந்து மெட்ரோவிலேயே சென்ட்ரலுக்கு வந்துவிடலாம்.

திருவல்லிக்கேணியில் தங்கினால் காலையில் மெரினாவில் காற்று வாங்கலாம். கடற்கரைச் சாலை நேராகத் துறைமுகப் பக்கம்தான் போகிறது. ஆனால் பல மேன்ஷன்கள் தனி ஆட்களுக்கானவை. பொதுக் கழிப்பறை, குறுகலான மாடிப்படி. குடும்பத்தோடு போகிறவர்கள் விசாரித்துவிட்டுப் போக வேண்டும்.

அடுத்தது தி.நகர். இங்கேதான் ஆரணிக்காரர்களுக்கு ஆபத்து! ஜவுளிக்கடைத் தொடர்பு இருக்கிறது, தெரிந்த லாட்ஜ் இருக்கிறது, "வந்தது வந்தோம், ரங்கநாதன் தெருவையும் ஒரு பார்வை பார்த்துடலாம்" என்று வீட்டம்மாவும் சொல்வார். நாலு மணி நேரம் நெரிசலில் நடந்தால் கால் வீங்கி, ராத்திரி பத்து மணிக்கு ஏதோ கிடைத்ததைச் சாப்பிட்டு, காலையில் ஊரைக் குறுக்கே கடந்து துறைமுகம் போக வேண்டும். கடை வேலையைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர் வீடு? அன்புக்குக் குறைவிருக்காது. அதுதான் சங்கடமே. விருந்து என்று பிரியாணி, நள்ளிரவு வரை பழங்கதை, காலையில் ஒரே கழிப்பறைக்கு ஏழு பேர். மூத்தவர்களுக்குத் தனியாகப் படுக்க ஓர் இடமும், ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்கிற சுதந்திரமும் இருந்தால் தாராளமாகத் தங்குங்கள். இல்லாவிட்டால் "திரும்பும்போது ரெண்டு நாள் இருக்கோம்" என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பல், இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. அதில் போக நினைப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். கடல் கொந்தளிக்கும் மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள் என்பதால் முதலில் சேவை இருக்கிறதா என்று விசாரியுங்கள். ராத்திரி முழுவதும் பஸ்ஸில் வந்து அப்படியே ஏறாதீர்கள். பெரிய சுற்றுலாக் கப்பலைவிட இது சின்னது, ஆட்டம் அதிகம் தெரியும். நாகையில் அறை கிடைக்காவிட்டால் பக்கத்தில் வேளாங்கண்ணியில் விடுதிகள் நிறைய. ஆனால் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை மாதா திருவிழா. அப்போது அறைக்கு அலைய வேண்டிவரும்.

போனில் கேட்க வேண்டியவை

வாடகையைக் கேட்கிறோம், ஏ.சி. இருக்கிறதா என்று கேட்கிறோம். இவற்றையும் கேளுங்கள்.

லிஃப்ட் இருக்கிறதா? இல்லாவிட்டால் தரைத்தளத்தில் அறை கிடைக்குமா?

கழிப்பறை மேல்நாட்டு முறையா? குழித்தறி முழங்காலுக்கு இது முக்கியம். தரை வழுக்குமா என்பதையும் போனவுடனே பாருங்கள்.

அறையைக் காலி செய்கிற நேரம் என்ன? பகல் பன்னிரண்டு மணிக்கே காலி செய்யச் சொன்னால், கப்பலுக்கு அழைக்கும் வரை மூட்டையோடு எங்கே உட்காருவீர்கள்? சில லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. மாலை மூன்று மணிக்கு உள்ளே போனால் மறுநாள் மூன்று மணி வரை அறை உங்களுடையது. வயசானவர்களுக்கு அதுதான் தோது. மாலைக் கப்பலுக்கும் சில மணி நேரம் முன்பே வாசலை அடைத்துவிடுவார்கள் என்பதால் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ராத்திரி என்ன செய்வது?

எட்டு மணிக்குள் இட்லி, இடியாப்பம் அல்லது ரசம் சாதம். பரோட்டா, பிரியாணி, ராத்திரியில் தயிர், மூன்றும் வேண்டாம். காய்ச்சின தண்ணீரோ சீல் வைத்த பாட்டிலோ குடியுங்கள். காலை டிபனைத் தவிர்க்கவே கூடாது. சர்க்கரைக்காரர்கள் மாத்திரையோ ஊசியோ போட்டால் உடனே சாப்பாடும் இருக்க வேண்டும். பையில் நாலு பிஸ்கட்டும் கொஞ்சம் வெல்லமோ சர்க்கரையோ இருக்கட்டும்.

புது மருந்து எதையும் அன்றைக்குத் தொடங்காதீர்கள். "வயித்தைச் சுத்தம் பண்ணிட்டுப் போறேன்" என்று பேதி மருந்து குடித்துவிட்டுக் கப்பல் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள்! குமட்டலுக்கு ஒரு சின்னத் துண்டு இஞ்சி அல்லது கொஞ்சம் சுக்கு, ஏலக்காய் கைவசம் இருந்தால் போதும். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இஞ்சி, சுக்கைக்கூட வைத்தியரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும். குமட்டல் மாத்திரை வேண்டுமென்றால் அதையும் மருத்துவரிடம் கேளுங்கள். அதைக் கப்பல் ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், வாந்தி வந்த பிறகு பலன் குறைவு. வழக்கமான மாத்திரைகள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டி உங்கள் கைக்கு வந்து சேர நேரமாகும்.

நான் சொல்வது இவ்வளவுதான். தங்கும் இடத்தை மலிவைப் பார்த்தும் எடுக்காதீர்கள், ஜன்னலில் கடல் தெரிகிறது என்றும் எடுக்காதீர்கள். குடும்பத்திலேயே மூத்தவர் யாரோ, அவருடைய முழங்காலுக்கும் வயிற்றுக்கும் தூக்கத்துக்கும் எது ஒத்துவரும் என்று பார்த்து எடுங்கள். கப்பல் டிக்கெட்டுக்கு அத்தனை ஆயிரம் கொடுக்கிற பிள்ளைகள், அந்த ஒரு ராத்திரி வாடகையையும் டிக்கெட் விலையோடு சேர்த்துவிடுங்கள்.

நம் நெசவாளர் மறுபடியும் போனார். முதல் நாள் மாலையே எழும்பூரில் ஓர் அறை, ஏழரை மணிக்கு இட்லி, ஒன்பது மணிக்குப் படுக்கை. திரும்பி வந்ததும் என்னைப் பார்க்க வந்தார். கடல் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு டாக்டர். தறிக்குழியில ஆடுன காலுக்கு, கப்பல் ஆட்டம் ஒண்ணும் பெரிசா தெரியல" என்றார், சிரித்துக்கொண்டே.