பதினேழு எப்படி வந்தது?

தோட்டப் பாடசாலையின் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் எந்த ஆசிரியரிடம் கேட்டாலும், பிள்ளைகள் சிரிக்கவைத்த கதை ஒன்றாவது கைவசம் இருக்கும். இடைவேளையில் தேத்தண்ணியோடு அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். மணி அடித்ததும் கதை அங்கேயே நின்றுவிடுகிறது, பாடக்குறிப்புக்குள் வருவதில்லை. வர வேண்டும் என்பதே இந்த இதழில் நாம் சொல்ல விரும்புவது. பிள்ளையின் பதில் நமக்குச் சிரிப்பூட்டும்போது, பெரும்பாலும் அந்தப் பிள்ளை நன்றாக யோசித்திருக்கிறது. நாம் நினைத்த வழியில் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

கொட்டகலைப் பக்கத்து வகுப்பறைகளில் யாரும் காணக்கூடிய ஒன்றைப் பார்ப்போம். தரம் 3, கணிதம். “அம்மா காலையில் 12 கிலோ கொழுந்து எடுத்தார். பின்னேரம் 9 கிலோ எடுத்தார். மொத்தம் எத்தனை கிலோ?” வகுப்பு முழுவதும் 21 என்று கத்துகிறது. ஒரு பிள்ளை மட்டும் 17 என்கிறது. மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எப்படி வந்தது என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: “நெறுவைக்கு ரெண்டு கிலோ கழிச்சிருவாங்க டீச்சர். ரெண்டு நெறுவைக்கு நாலு.” கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கொழுந்து நிறுக்கும் இடத்தில் கழிப்பதை அந்தப் பிள்ளை வீட்டில் நாள்தோறும் கேட்கிறது. கூட்டல், பெருக்கல், கழித்தல் மூன்றையும் மனதுக்குள்ளேயே பிழையில்லாமல் செய்திருக்கிறது. சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டு நகர்ந்துவிட்டால், வகுப்பிலேயே நீளமான கணக்கைச் செய்த பிள்ளைக்குத்தான் பூச்சியம்.

இன்னொரு வகுப்பு, சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தில் ‘எங்கள் வீடு’ என்ற தலைப்பு. வீட்டை வரையச் சொன்னால், ஒரு பிள்ளை கதவுக்குப் பக்கத்தில் கதவாக வரைந்துகொண்டே போகிறது. தாள் முடிந்துவிடுகிறது. கொஞ்சமும் தயங்காமல் பக்கத்துப் பிள்ளையின் தாளில் மிச்சத்தைத் தொடர்கிறது. சண்டை தொடங்குகிறது. ஆசிரியர் போய்ப் பார்த்தால் அது ஒரு முழு லயம். நாலாவது காம்பராவில் அப்பாயி, ஏழாவதில் சித்தப்பா, கடைசியில் தொலைக்காட்சி இருக்கும் வீடு. இஸ்தோப்பு (முன் திண்ணை) எல்லாருக்கும் ஒன்று. அந்தப் பிள்ளைக்கு வீடு எங்கே முடிகிறது என்பது பாடநூல் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் விடயமல்ல. அந்த ஒரு படத்திலிருந்தே அயல், உறவுமுறை, வரிசை எண், பொதுச் சொத்து என்று ஒரு கிழமைக்கான பாடம் எடுக்கலாம்.

பிந்தி வந்த பையன் வாசலில் நின்று, “எனக்கு முழுப்பேரா, அரைப்பேரா?” என்று இடாப்பைக் காட்டிக் கேட்பான். தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் என்பது அவனுக்குத் தெரியும். பின்னம் படிப்பிக்க ரொட்டியை வெட்டிக் காட்டுகிறோம். அரை நாளின் பெறுமதியை அவன் அதற்கு முன்னரே கற்றுவிட்டான்.

வகுப்புகளைத் தட்டி வைத்துப் பிரிக்காத மண்டபங்கள் இன்னும் இருக்கின்றன. தரம் 1 ஆசிரியர் “இது என்ன நிறம்?” என்று கேட்க, தரம் 4 வகுப்பிலிருந்து பதில் வரும். எரிச்சல்படத் தேவையில்லை. பதில் சொன்ன அந்தப் பெரிய பிள்ளையை அழைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு உதவச் சொல்லலாம்.

இந்த மண்டபங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. இலங்கையின் 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிர்வாகங்களிடம் கொடுத்தது. பல இடங்களில் அது ஒரு கொட்டகை, ஒரு ஆசிரியர் என்ற அளவிலேயே நின்றது. 1970களில் தோட்டப் பாடசாலைகள் அரசின் கீழ் வரத் தொடங்கின. பின்னர் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலும், பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியிலும் பயிற்சி பெற்று, லயத்துப் பிள்ளைகளே ஆசிரியர்களாகத் திரும்பி வந்தார்கள். இந்த இதழை வாசிப்பவர்களில் பலர் அப்படி வந்தவர்கள். 17 எப்படி வந்தது என்று விளக்கம் கேட்காமலே உங்களுக்குப் புரிந்திருக்கும். வெளியிலிருந்து வரும் எந்த நிபுணருக்கும் இல்லாத தகுதி இது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது பிள்ளைகளுக்குப் பெரிய நட்டம்.

பிள்ளையின் பதிலிலிருந்தே தொடங்கலாம் என்பதை உலகம் முன்பே கண்டிருக்கிறது. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிஸில் பிள்ளைகளுக்கான பரீட்சை வினாக்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்த உளவியலாளர் ஜீன் பியாஜேயை, சரியான விடைகளைவிடப் பிழையான விடைகளே ஈர்த்தன. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே விதமாகப் பிழை விடுவதைக் கண்டு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கத் தொடங்கினார். அந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்ததைத்தான் நாம் பயிற்சிக் காலத்தில் கோட்பாடாகப் படித்தோம். நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த சில்வியா அஷ்டன்-வார்னர், பிள்ளைகள் வாயிலிருந்து வந்த சொற்களையே அட்டைகளில் எழுதிக் கொடுத்து வாசிப்பைத் தொடங்கினார். அந்த அனுபவத்தை 1963இல் நூலாகவும் எழுதினார்.

ஆனால் எல்லாம் சிரிப்பதற்கு உரியதல்ல. அம்மாவை வரையச் சொன்னபோது ஒரு பிள்ளை கைபேசியை வரைந்து, அதற்குள் சின்னதாக ஒரு முகம் போட்டால், சட்டென்று சிரிப்பு வரலாம். தாய் வெளிநாட்டில் வீட்டு வேலையில் இருக்கிறார் என்று தெரிந்த ஆசிரியர் சிரிக்கமாட்டார். பிள்ளை தானாகச் சிரித்தால் நாமும் சேர்ந்து சிரிக்கலாம். பிள்ளை திகைத்து நிற்கும்போது வகுப்பு சிரித்தால், அதை நிறுத்துவது நமது கடமை. கூனிக் குறுகிப்போன பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் நெருங்குகிறது, இதற்கெல்லாம் எங்கே இடம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பரீட்சைத் தாளில் 17க்குப் புள்ளி கிடையாது. வினாவில் சொல்லாததைக் கழிக்கக்கூடாது என்று அந்தப் பிள்ளைக்குக் கட்டாயம் கற்பிக்க வேண்டும். அதற்கும்கூட, ஏன் கழித்தது என்று முதலில் நமக்குத் தெரிய வேண்டும். கூட்டத் தெரியாத பிள்ளை என்று எண்ணிக் கூட்டல் பயிற்சியாகக் கொடுத்துக்கொண்டிருந்தால்தான் நேரம் வீணாகும்.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்கிறோம். குறுக்குக் கோடு போடுமுன் “எப்படி வந்தது?” என்று கேளுங்கள், அரை நிமிடம் போதும். அன்றைய பாடக்குறிப்பின் ஓரத்தில், பிள்ளையின் வார்த்தையிலேயே அந்தப் பதிலை எழுதி வையுங்கள். ஆரம்பப் பிரிவுக் கூட்டத்தில் ஆளுக்கு ஒன்றை வாசியுங்கள். அதிபர்களும் சேவைக்கால ஆலோசகர்களும் அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கித் தர வேண்டும்.

அடுத்த இதழ் முதல் ஒரு பக்கத்தை இதற்கென்று வைக்கிறோம். பிள்ளையின் பெயரோ பாடசாலையின் பெயரோ வேண்டாம். பேச்சைத் திருத்தி எழுத வேண்டாம். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு மறுநாள் வகுப்பில் நீங்கள் எதை மாற்றினீர்கள் என்பதை மட்டும் மறக்காமல் ஒரு வரி சேருங்கள். இன்னொரு தோட்டத்தில் அதே வகுப்பைத் தனியாகச் சமாளிக்கும் ஆசிரியருக்கு அந்த வரிதான் கைகொடுக்கும்.