பிக்கிள்பாலும் தலைக்கணக்கும்

பிக்கிள்பால் மீது நமக்குப் பகை ஏதுமில்லை. 1965 கோடையில், வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில், பொழுதுபோகாமல் சலித்திருந்த குடும்பத்தாருக்காக ஜோயல் பிரிட்சார்டும் பில் பெல்லும் ஒரு பழைய பாட்மின்டன் களத்தில் கைக்குக் கிடைத்த மட்டைகளையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தையும் கொண்டு கூட்டிச் சேர்த்த ஆட்டம் அது. நண்பர் பார்னி மெக்காலம் பின்னர் ஒட்டுப்பலகையில் மட்டைகளை அறுத்துத் தந்தார். அந்த எளிமையில் ஓர் அழகுண்டு. (பெயருக்குக் காரணம் நாயா, படகா என்ற வழக்கை இங்கே இழுக்க வேண்டாம்.)

நம் சினமெல்லாம் அந்த ஆட்டத்துக்காக வாதாடுவோர் கையிலெடுக்கும் தர்க்கத்தின் மீதுதான். அமெரிக்காவில் 2023-ல் 1 கோடியே 36 லட்சம் பேர் ஆடினார்கள், 2024-ல் அது 1 கோடியே 98 லட்சமாயிற்று. ஆகவே இடத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்கிறார்கள். விளையாட்டுப் பொருள் தொழில்துறையின் சங்கமே எடுத்த கணக்கு இது என்பதை ஒருபுறம் வைப்போம். சுற்றுவெளியோடு சேர்த்து 120 அடிக்கு 60 அடி கொண்ட ஒரு டென்னிஸ் களத்தில் நான்கு பிக்கிள்பால் களங்களை அடக்கலாம். நால்வர் ஆடிய இடத்தில் பதினாறு பேர் ஆடலாம். கணக்கு சரி. தனியார் கழகங்கள் இந்தக் கணக்கில் மயங்கி டென்னிஸைக் கைவிடக்கூடும் என்று 2024 விம்பிள்டனின்போது ஜோகோவிச் கவலைப்பட்டார். அது கழகங்களின் பாடு. பொதுப் பூங்காவுக்கும் இதே கணக்கைக் கொண்டுவருவதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

நியூயார்க்கின் வெஸ்ட் வில்லேஜில் செரவல்லி என்றொரு சிறு விளையாட்டுத்திடல் இருக்கிறது. 2022-ல் பிக்கிள்பால் ஆடுவோர் அங்கே பெருகியபோது, பிள்ளைகள் ஓடவும் சைக்கிள் பழகவும் இடமில்லை என்று பெற்றோர் கையெழுத்துத் திரட்ட வேண்டியதாயிற்று. நகரப் பூங்காத்துறை பிற்பாடு அங்கே ஆட்டத்தைத் தடுத்தது. ஆனால் அந்தச் சச்சரவில் நம்மை உறுத்துவது வேறொன்று. சைக்கிள் பழகும் பிள்ளைக்குச் சங்கமில்லை, போட்டிக் கட்டணமில்லை, மட்டை வாங்கும் சக்தியில்லை. ஆகவே தொழில்துறையின் கணக்கில் அது இல்லவே இல்லை. எண்ணப்படாதவர் இல்லாதவர் ஆகிவிடுகிறார்.

சில நூறு பேர் வாசிக்கும் சிற்றிதழ்களோடு உறவு கொண்ட நமக்கு இந்தத் தர்க்கம் புதிதன்று. நூலகத்தின் ஒரு மூலையில் மூன்று பேர் படித்துக்கொண்டிருக்கிறார்கள், அங்கே முப்பது பேர் தொலைக்காட்சி பார்க்கலாமே என்பவரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்.

ஓசையைப் பற்றிய புகாரைக் கிழவர்களின் முணுமுணுப்பென்று சிரித்துத் தள்ளுவோரும் உண்டு. நரம்பு கட்டிய மட்டையில் கம்பளி உறைப் பந்து படும் ஓசை அமுங்கியது. இங்கோ கடினமான தட்டையில் கடினமான பிளாஸ்டிக் மோதுகிறது. கூர்மையான, இடைவெளி சீரற்ற வெடிப்பு, காலை முதல் இரவு வரை. ஆட்டத்தின் அமெரிக்க நிர்வாக அமைப்பே 2023-ல் ஓசை குறைந்த கருவிகளுக்கென்று தனிப் பிரிவு வகுத்தது. புகார் கற்பனையானால் அந்தப் பிரிவு எதற்கு?

டென்னிஸ்காரர்களையும் நாம் தூக்கிப் பிடிக்கவில்லை. காலியாய்க் கிடக்கும் களத்தை வம்சச் சொத்துபோல் காத்துக்கொண்டு, பிக்கிள்பாலைக் கிழட்டு ஆட்டம் என ஏளனம் செய்வது வெறும் மேட்டிமை. கையைத் தாழ்த்தியே போட வேண்டிய முதல் அடி, 44-க்கு 20 அடியில் அடங்கும் களம், வலையருகே ஏழடிக்குள் நின்று பந்தைத் தரைபடாமல் அடிக்கக் கூடாதென்ற விதி ஆகியவை உடல்வலுவின் கொட்டத்தை அடக்கி, முழங்கால் தேய்ந்தவரையும் பேரப்பிள்ளைக்கு எதிரே நிற்க வைக்கின்றன. அவர்களுக்கு இடம் வேண்டும். குடியிருப்பிலிருந்து தள்ளி, புதிதாகக் கட்டப்பட்ட இடம். புதிய களத்துக்குப் பணமேது என்று கேட்பார்கள். 2022-ல் லெப்ரான் ஜேம்ஸும் டாம் பிரேடியும் இந்த ஆட்டத்தின் தொழில்முறை அணிகளில் முதலீடு செய்தார்கள். அணி வாங்கப் பணம் புரளும் ஆட்டத்துக்குக் களம் மட்டும் பிள்ளைகளின் திடலில்தான் கிடைக்குமா?