திக்கும் நாவும் கேட்கும் செவியும்

சொல்வன்மையைப் போற்றுவது தமிழ் மரபு. திருவள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். ஆயினும், தடையின்றிப் பேசுவது ஒன்றையே சொல்வன்மை எனக் கொள்வோமாயின், திக்கிப் பேசுவோரின் அறிவையும் திறனையும் காணத் தவறிவிடுவோம்.

பிரிட்டன் மன்னர் ஆறாம் ஜார்ஜ், இந்தியப் பேரரசர் என்னும் பட்டத்தையும் தாங்கியவர். அவரது ஆட்சியை எதிர்த்து நம் நாடு போராடியது. அவரோ தம் நாவோடு போராடினார். இளவரசராக இருந்தபோது, 1925இல் இலண்டன் வெம்பிளியில் நடைபெற்ற பேரரசுக் கண்காட்சியின் நிறைவு விழாவில் அவர் ஆற்றிய உரை திக்கலால் தடைப்பட்டது. மறு ஆண்டு, இலயனல் லோக் என்னும் ஆஸ்திரேலியப் பேச்சுப் பயிற்சியாளரை நாடினார். லோக் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். முதல் உலகப்போரில் பேச்சு பாதிக்கப்பட்ட வீரர்களுக்குப் பயிற்சியளித்த பட்டறிவு உடையவர். மூச்சுப் பயிற்சியும் நாப்பயிற்சியும் நாள்தோறும் தொடர்ந்தன. 1939 செப்டம்பர் 3 அன்று, போர் அறிவிக்கப்பட்ட நாளின் மாலையில், மன்னர் வானொலியில் மக்களிடம் பேசினார். அப்போது லோக் அருகில் நின்றார். மன்னரின் திக்கல் முற்றிலும் நீங்கிவிடவில்லை. அதனோடு பேசவே அவர் கற்றுக்கொண்டார். அதற்கு அவரது முயற்சியோடு, பொறுமையாகக் கேட்கும் ஒருவரின் துணையும் தேவைப்பட்டது.

திக்கல் அறிவுக்குறைவன்று, அச்சத்தால் மட்டும் தோன்றுவதுமன்று. மூளையில் பேச்சை இயக்கும் நரம்புகளின் செயல்பாடும் மரபுவழியும் அதற்குக் காரணங்களாகின்றன. பெரியவர்களுள் ஏறத்தாழ நூற்றில் ஒருவர் திக்கிப் பேசுகிறார். நாவில் வசம்பைத் தேய்ப்பதாலோ அதட்டுவதாலோ அது தீராது. பேச்சுப் பயிற்சி வல்லுநரின் வழிகாட்டலே பயன் தரும்.

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பணி நாடிச் செல்லும் இளைஞரை எண்ணிப் பாருங்கள். நேர்காணலின் முதல் வினா பெயர் என்ன என்பது. திக்கிப் பேசுவோர் பலருக்கு அதுவே கடினமானது. வேறு சொற்களை மாற்றிச் சொல்லலாம்; பெயரை மாற்ற இயலாது. அந்தச் சில நொடித் தயக்கத்தைக் கொண்டே அவரை மதிப்பிடுவது முறையன்று. விரைந்து பேச வேண்டிய பணிகள் சில உண்டு என்பது மெய்யே. ஆனால், கடைசல் எந்திரத்தை இயக்கும் பணிக்குக் கைத்திறனையன்றோ சோதிக்க வேண்டும்?

இம்மாற்றம் வகுப்பறையில் தொடங்கட்டும். நண்பர் திக்கும்போது நகையாதீர். அவர் சொல்லை நீங்கள் முடிக்காதீர். அவர் முகம் நோக்கிக் காத்திருங்கள். விடை தெரிந்தும் எழாமல் அமர்ந்திருக்கும் மாணவர் அதன்பின் கையுயர்த்துவார்.