நாயைப் பார்த்துக்கொள்வது யார் வேலை?

எங்கள் ஊர்ப் பக்கம் நாய்க்குட்டி வாங்குவது சுலபம். வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. சிவகாசியிலும் சுற்றுக் கிராமங்களிலும் பட்டாசு ஆலை வேன் காலையிலேயே தெருமுனைக்கு வந்து நின்றுவிடும். தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ், பைண்டிங் என்று பெண்களுக்கு வேறு வேலைகளும் உண்டு. அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்க வருகிறவர் பெரும்பாலும் வெடிமருந்துக்குப் பயந்தவராக இருப்பார்; இல்லையென்றால் உடம்புக்கு முடியாமல் ஆலையை விட்டவர், பிள்ளை பள்ளிக்கூடம் போய்த் திரும்பும் இடைவெளியில் மட்டும் வெளியே வர முடிந்தவர். அப்படிக் கிடைத்த ஒருவரை, நாயை அடித்தார் என்பதற்காக யாரும் லேசில் நிறுத்திவிட மாட்டார்கள்.

நண்பர் வீட்டுப் பஞ்சாயத்தும் இதுதான். அச்சகம் வைத்திருக்கிறார். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியிட்டால், மார்கழி வரை அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதே அபூர்வம். கார் ஷெட்டில் ஒரு வெள்ளை ராஜபாளையம் நாய், சங்கிலியில். கோயம்புத்தூரில் படிக்கும் மகள், வீட்டுக் கேமராவைத் தன் போனிலேயே பார்க்க முடியும் என்பதால் அவ்வப்போது நாயைப் பார்த்துக்கொள்வாள். ஒருநாள் அவள் பார்த்தது, வேலைக்கு வரும் அக்கா விளக்குமாற்றுக் கட்டையால் நாயின் முதுகில் இரண்டு போடு போட்டதை. மறுநாள் தண்ணீர்ச் சட்டியை எத்திவிட்டதையும் பார்த்தாள். இரண்டையும் பதிவு செய்து குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள். “இன்னைக்கே போலீஸ்ல சொல்லுங்க.”

அம்மா பக்கம் வேறு கணக்கு. “தீபாவளி வருது. சொந்தக்காரங்க பூராம் பட்டாசு வாங்க இங்கதான் வந்து இறங்குவாங்க. இந்த நேரத்துல அக்காவ நிறுத்திட்டு அம்புட்டுப் பாத்திரத்தையும் நானா கழுவ?” நண்பர் என்னைக் கூப்பிட்டார். “நீங்கதான் பேப்பர்ல எழுதுறீங்களே அண்ணாச்சி, ஒரு வழி சொல்லுங்க.”

மகளின் பயம் காரணமில்லாதது அல்ல. 2025 அக்டோபர் கடைசியில் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், நாய்களைப் பார்த்துக்கொள்ளவென்றே வேலைக்கு வைத்த பெண், குட்டி நாயை லிப்ட்டுக்குள் தரையில் அடித்துக் கொன்றார். லிப்ட் கேமராவில் அது பதிவாகியிருந்தது. வழக்குப் பதிந்து அவரைக் கைது செய்தார்கள். அந்தக் காட்சி நாடு முழுக்கச் சுற்றியது. அதைப் பார்த்த பிறகு, விளக்குமாற்றில் தொடங்குவது எங்கே போய் முடியும் என்று ஒரு பெண் பதறினால் அதைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் போலீசுக்குப் போனால் என்ன நடக்கும்? விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதா கொண்டுவந்து விடாமல் முட்டியதால் பிறந்த சட்டம் அது. அதன் 11ஆம் பிரிவுப்படி அடிப்பது, உதைப்பது குற்றம். முதல் தடவை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960இல் ஐம்பது ரூபாய் பெரிய காசு. இன்றைக்கு ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டிக்குச் சரியாகப் போகும். 2016இல் சென்னையில் ஒரு நாயை மொட்டைமாடியிலிருந்து வீசியெறிந்து அதை வீடியோவும் எடுத்தார்களே, அப்போதுதான் இந்த ஐம்பது ரூபாய் ஊரெல்லாம் பேச்சானது. கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது என்றால் கதை வேறு. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை உண்டு.

இதை நண்பர் வீட்டில் விளக்கியபோது மகள் வீடியோ காலில் “பாத்தீங்களாப்பா” என்றாள். சட்டத்தில் மிச்சத்தையும் படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் உரிமையாளர் அலட்சியம் செய்தால் அதுவும் அதே 11ஆம் பிரிவில் குற்றம். தன் விலங்குக்குக் கொடுமை நடக்காதபடி நியாயமான கவனமும் மேற்பார்வையும் செலுத்தத் தவறிய உரிமையாளரும் குற்றம் செய்தவராகவே கருதப்படுவார். புகார் எழுதப் போனால் முதல் பெயர் யாருடையது என்று கேட்டேன். நண்பர் காபியை ஆற்றத் தொடங்கிவிட்டார்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று இரண்டு நாயினங்கள் இந்த வட்டாரத்து ஊர்ப் பெயர்களைச் சுமக்கின்றன. ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால்தலையே வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னபோது இரண்டின் பெயரையும் சொன்னார். எங்கள் ஆட்களுக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமை இருக்கட்டும். காட்டுப்பன்றி வேட்டைக்கு ஓடிய நாயின் வம்சத்தை, காருக்குப் பக்கத்தில் ஆறடிச் சங்கிலியில் கட்டிப்போட்டு, அதற்குச் சோறு வைக்கிற, மலம் அள்ளுகிற, கழுவிவிடுகிற வேலையைப் பாத்திரம் தேய்க்க வந்தவர் தலையில் கட்டுகிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த அக்காவுக்குப் பேசிய சம்பளம் பாத்திரத்துக்கும் வீடு கூட்டுவதற்கும். நாய் பிறகு வந்தது. சம்பளம் ஏறவில்லை. “அப்படியே நாய்க்கும் சோத்த வச்சிரு அக்கா” என்று ஒருநாள் சொன்னது நிரந்தரமாகிவிட்டது. வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007இலேயே நலவாரியம் வந்துவிட்டது. ஆனாலும் எந்த வேலைக்கு எவ்வளவு என்று எழுதிவைக்கும் வீட்டை நான் பார்த்ததில்லை.

அக்காவிடம் நண்பரின் மனைவி தனியாகக் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. “ஆமாம்மா, அடிச்சேன். நாலு தடவை கூப்பிடுறேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. திமிரு. பக்கத்துல போனா திடீர்னு திரும்பிக் கடிக்க வருது. கையில ஒண்ணும் இல்லாம எப்படிம்மா போறது?”

கூப்பிட்டால் திரும்பாத நாய், தொட்டால் பதறுகிற நாய். நாய் தூங்கும்போது பின்னால் போய் விசில் அடித்துப் பாருங்கள் என்றேன். தட்டைத் தரையில் போட்டால் அதிர்வு தெரிந்துவிடும், விசில்தான் சரி. அடித்தார்கள். காது மடல்கூட அசையவில்லை. முழு வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு கூடுதலாக வருவது உலகமெங்கும் தெரிந்த விஷயம். உடம்புக்கு நிறம் கொடுக்கும் அதே வகை செல்கள்தான் உட்காதிலும் இருந்து, கேட்கும் செல்களை உயிரோடு வைத்திருக்கின்றன. அவை அங்கே இல்லையென்றால் குட்டி பிறந்த சில வாரங்களிலேயே காது அடைந்துவிடும். தூய வெள்ளை, ரோஜா நிற மூக்கு என்று தேடித்தேடி இனவிருத்தி செய்த ராஜபாளையத்தில் இந்தக் குறை ரொம்ப காலமாக இருக்கிறது. நண்பரோ இரண்டு தீபாவளியாக எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தார்: “நம்ம நாய் பத்தாயிரம் வாலாவுக்கே அசையாது, சிவகாசி நாய்ல!”

நாய்க்குக் காது கேட்காது என்பதால் விளக்குமாற்றுக் கட்டை நியாயமாகிவிடாது. சட்டியை எத்தியதற்குச் செவிடும் காரணமில்லை, அது கோபம். அந்தக் கோபத்துக்கு வேர் அந்த வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. நாய்க்கு வாரம் இரண்டு நாள் கறி. அக்காவுக்குத் தனி டம்ளர், ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைத்தது. அவசரத்துக்கு வீட்டுக் கழிவறைக்குப் போக முடியாது. நாய்க்குப் பெயர் உண்டு; அந்த வீட்டில் யாரும் அக்காவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. இது நாயின் குற்றமல்ல, ஆனால் அடி அதன் மேல்தான் விழுகிறது.

நான் சொன்ன வழி இது. அன்றைக்கே நாயை அக்காவின் கையிலிருந்து எடுத்துவிட வேண்டும். நாளை, அடுத்த வாரம் என்று தள்ளக் கூடாது. அடித்தவரோடு அடிபட்டதை இன்னொரு பொழுது தனியே விடுவது, தெரிந்தே அடிக்க விடுவதுதான். இந்த வீட்டில் நாய் மேல் கை வைக்கக் கூடாது, வைத்தால் வேலை இல்லை என்று ஒரே தடவை நேரடியாகச் சொல்ல வேண்டும். குடும்பமே சுற்றி நின்று விசாரிக்கக் கூடாது. வீடியோவைக் குழுவிலிருந்து அழிக்க வேண்டும். அது தெருவுக்குப் போனால் அந்த அம்மாளுக்கு இன்னொரு வீட்டில் வேலை கிடைக்காது. ஐம்பது ரூபாய்க் குற்றத்துக்கு அது பெரிய தண்டனை. நாயின் தடுப்பூசிச் சீட்டைத் தேடி எடுக்க வேண்டும், அக்காவுக்கு எப்போதாவது பல் பட்டதா என்று கேட்க வேண்டும். கேட்டபோதுதான் ஆடி மாதம் கையில் ஒரு கீறல் விழுந்து, மஞ்சள் வைத்துக் கட்டியது தெரிந்தது. சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவியிருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்திருக்கிறார். நல்லவேளை, நாய்க்கு ஊசி தவறாமல் போட்டிருந்தார்கள். அப்படியும் மறுநாளே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன்.

எல்லோருக்கும் இரண்டாவது வாய்ப்பு கொடுக்கச் சொல்ல மாட்டேன். கட்டிப்போட்ட நாயின் மேல் வெந்நீர் ஊற்றுகிறவர், சோற்றில் எதையாவது கலக்குகிறவர், யாரும் இல்லாதபோது வேடிக்கைக்கு அடிக்கிறவர் அன்றைக்கே போக வேண்டும், புகாரும் கொடுக்க வேண்டும். மற்றபடி அனுப்புவதென்றால் வேலை செய்த நாள்வரை சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். “நகை காணோம்” என்று பிறகு கதை கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். நாயை அடித்ததைவிட அது கேவலம்.

அக்கா இருக்கிறார். சோறு வைப்பது இப்போது நண்பரின் மனைவி. தரையில் காலைத் தட்டி, நாய் திரும்பியதும் கையைக் காட்டிக் கூப்பிடப் பழகியிருக்கிறார்; பரவாயில்லாமல் புரிந்துகொள்கிறது. நண்பர் விடிகாலையில் திருத்தங்கல் சாலையில் நாயைப் பிடித்துக்கொண்டு போகிறார், பாதி நாள். மீதிப் பாதி நாளுக்குக் காலண்டர் மேல் பழியைப் போடுகிறார். தனி டம்ளர் இன்னும் ஜன்னல் ஓரத்தில்தான் இருக்கிறது. மகள் என்னோடு பேசுவதில்லை. “உங்க அண்ணாச்சி அடிச்சவங்களுக்கு வக்காலத்து வாங்குறாரு” என்று அம்மாவிடம் சொன்னாளாம். அவள் கேமராவை இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். பார்க்கட்டும்.